லாயத்துக் கதவைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்

மதுரை வட்டாரத்தில் குதிரை வளர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்து ஊர்களிலும் குதிரை கட்டி வளர்க்கிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், அந்தக் குதிரைகளுக்குத் தீனி வைத்து லத்தி அள்ளும் அக்காமாருக்கும்,

உங்களில் சிலர் பந்தயத்துக்குக் குதிரை வைத்திருக்கிறீர்கள். சிலர் கல்யாணத்துக்குச் சாரட்டு விடுகிறீர்கள். கோவில் திருவிழாவில் மேளத்துக்கு ஆடும் குதிரை சிலரிடம் இருக்கிறது. ஊருக்கு வெளியே இடம் பிடித்து ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரையேற்றம் சொல்லித் தருபவர்களும் இப்போது இருக்கிறீர்கள். உங்கள் எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். மனம் நொந்து, பேச்சுக் குறைந்து, வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிப்போன பதின்வயதுப் பிள்ளைகள் சிலரை வாரத்தில் ஒரு நாள் உங்கள் லாயத்துக்குள் விடுங்கள். அவர்கள் சவாரிக்கு வரவில்லை. நீங்கள் அன்றாடம் காலையில் செய்கிற வேலையை, உங்கள் பக்கத்தில் நின்று செய்ய வருகிறார்கள்.

நான் பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவதை வேலையாகக் கொண்டவள். பல நாள் பேச்சே நடக்காது. எதிரே ஒரு பிள்ளை தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும். "என்னம்மா ஆச்சு?" என்றால் "ஒன்னுமில்ல மிஸ்" என்று வரும். வீட்டில் ஏதாவதா என்றால் அதற்கும் "இல்ல மிஸ்"தான். வீட்டில் ஒருவர், வகுப்பில் ஒருவர், டியூஷனில் ஒருவர் என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன பிள்ளைக்கு, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நானும் இன்னொரு கேள்வித்தாள்தான்.

நிலைமை எவ்வளவு மோசம் என்று சொல்லிவிட வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மாநிலங்களில் தமிழ்நாடு இரண்டாவது இடம்: 19,834 பேர். நாடு முழுக்க அந்த ஆண்டு இறந்தவர்களில் 13,044 பேர் மாணவர்கள். பொதுத்தேர்வு முடிவும் நீட் முடிவும் வரும் நாட்களில், என்னைப் போன்றவர்கள் செய்தித்தாளைப் பயந்துகொண்டேதான் பிரிக்கிறோம். இதைப் படிப்பவர்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், குதிரைக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி எந்நேரமும் தமிழில் கிடைக்கும். 104க்கும் அழைக்கலாம். ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருத்துவர் தேவைப்படும் இடத்தில் மருத்துவர்தான் வேண்டும். அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய ஒன்றைப் பற்றியே நான் பேசப்போகிறேன்.

குதிரை இதில் என்ன செய்யும்? உங்களுக்குத் தெரிந்ததைத்தான் திருப்பிச் சொல்கிறேன். கோபத்தோடு லாயத்துக்குள் நுழைந்தால் குதிரை காதைப் பின்னுக்கு மடக்கும். பயந்துகொண்டு கயிற்றைப் பிடித்தால் தலையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கும். மூச்சை விட்டு, தோளைத் தளர்த்தி நின்றால் அதுவும் கழுத்தைத் தாழ்த்தும், வாயை அசைபோடும். மேய்ச்சல் நிலத்தில் புலிக்கும் ஓநாய்க்கும் தப்பிப் பிழைத்த மிருகம் அது. பக்கத்தில் நிற்கும் உடம்பு என்ன நினைக்கிறது என்பதைப் படிக்காமல் அதற்கு வாழ்க்கை இல்லை. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக 28 குதிரைகளிடம் மனித முகங்களின் படங்களைக் காட்டினார்கள். கடுகடுத்த முகத்தைப் பார்த்ததும் அவை இடக்கண்ணைத் திருப்பிப் பார்த்தன. இதயத் துடிப்பும் சீக்கிரம் ஏறியது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஸ்வீடனில் நடந்த ஒரு சோதனை. 2009இல் வெளியானது. ஆட்கள் குதிரையைப் பிடித்துக்கொண்டோ அதன்மேல் ஏறியோ ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நான்கு தடவை போக வேண்டும். நான்காம் தடவை கிளம்புமுன், "இந்த முறை நீங்கள் கடக்கும்போது ஒருவர் பட்டென்று குடை விரிப்பார்" என்று சொல்லி அனுப்பினார்கள். யாரும் குடையை விரிக்கவில்லை. ஆனாலும் போனவர்களின் இதயத் துடிப்பு கூடியது. கூடவே குதிரைகளின் துடிப்பும் கூடியது. குதிரையிடம் யார் போய்க் குடையைப் பற்றிச் சொன்னார்கள்? பிடித்திருந்த கையும் உட்கார்ந்திருந்த உடம்பும் சொல்லியிருக்கின்றன.

என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் விரியாத குடைக்குப் பயந்து நடப்பவர்கள். ரிசல்ட் வந்தால் அப்பா என்ன சொல்வாரோ, அந்தப் படத்தை யாராவது பரப்பிவிட்டால் என்ன ஆகுமோ, வகுப்பில் எழுந்து நின்றால் சிரிப்பார்களோ. "பயப்படாதே" என்று நான் சொன்னால் அது ஒரு சொல்லாகவே போய்விடுகிறது. குதிரை சொல்லாமல் காட்டும். பிள்ளை பதறினால் குதிரை நிற்கும் இடம் மாறும், பிள்ளை அடங்கினால் குதிரையும் அடங்கும். தன் உடம்புக்குள் நடப்பதைத் தனக்கு வெளியே கண்ணால் பார்க்க ஒரு பிள்ளைக்கு வேறு எங்கே வாய்ப்புக் கிடைக்கும்? சும்மா நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவைதான் துடிக்கும். முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால், இடப்பக்கம், ஒரு ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். அவ்வளவு பெரிய உடம்புக்குள் அவ்வளவு நிதானமான துடிப்பு.

உலகத்தில் இது புதிதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் 1944இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். அந்த நிலையில் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வாங்கினார். 1956இல் மறுபடியும் வெள்ளி. அதற்குப் பிறகுதான் மேற்கில் குதிரைவழிச் சிகிச்சை மையங்கள் பரவின. அதில் ஒரு கிளை உடம்புக்கானது: மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைக் குதிரைமேல் உட்காரவைத்து, அது நடக்கும்போது வரும் அசைவால் இடுப்பையும் முதுகையும் பழக்குவது. அதற்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் வேண்டும், நம்மால் உடனே முடியாது. இன்னொரு கிளை மனதுக்கானது. அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய இயகாலா என்ற அமைப்பு இதற்கு ஒரு முறை வகுத்தது. ஏறுவதே கிடையாது. தரையில் நின்றுதான் எல்லாம். ஒவ்வொரு அமர்விலும் மனநலம் படித்தவர் ஒருவரும் குதிரை தெரிந்தவர் ஒருவரும் சேர்ந்து நிற்பார்கள். நம் நாட்டில் பெங்களூரு போன்ற பெருநகரங்களில் சிறப்புக் குழந்தைகளுக்காகச் சிலர் குதிரைகளோடு வேலை செய்கிறார்கள். ஆரோவில் பக்கம் ரெட் எர்த் என்ற குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. அந்த இடங்களுக்கெல்லாம் உசிலம்பட்டியிலிருந்து ஒரு பிள்ளையை யார் கூட்டிக்கொண்டு போவது? நம் ஊரில் குதிரை இருக்கிறது, குதிரை தெரிந்தவர்கள் நீங்கள் இருக்கிறீர்கள், மனநலம் படித்தவர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்று பேரும் ஒரே வேப்பமரத்தடியில் சந்திக்கவில்லை, அதுதான் குறை.

உங்களிடம் எதையும் மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். இந்த முறை எல்லோருக்கும் பலன் தரும் என்று அறிவியல் உறுதியாகச் சொல்லிவிடவில்லை. 2014இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, அதுவரை நடந்த 14 ஆய்வுகளை எடுத்துச் சோதித்து, மனநோய்க்கு இது மருந்து என்று சொல்ல ஆதாரம் போதாது என்று முடித்தது. அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வில், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா பெண்ட்ரி குழுவினர் ஐந்து முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் பள்ளி முடிந்து வாரம் ஒரு நாள், 11 வாரம், குதிரைகளோடு பழகினார்கள். மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். எச்சிலில் அளந்தபோது, பழகிய பிள்ளைகளிடம் மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் குறைவாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் முடிவு இது: நோயைக் குணப்படுத்தக் குதிரையை நம்பக் கூடாது, இறுகிப்போன பிள்ளைக்கு ஒரு காலைநேரத் தளர்வு தரக் குதிரையை நம்பலாம்.

அதனால் உங்கள் வாசலில் 'மன நோய் குணமாக்கப்படும்' என்று எக்காரணம் கொண்டும் போர்டு வைக்காதீர்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலை ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். குணமாகும் என்று நம்பி வீட்டார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். குணமாக்குகிறேன் என்ற சொல்லை அனுமதியில்லாமல், படிப்பில்லாமல், மேற்பார்வையில்லாமல் சொன்னால் அது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைத் தென்மாவட்டத்துக்காரர்களாகிய நாம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். நம் மதுரையிலேயே 1992இல் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநலத்துக்காக வேலை செய்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் பயிற்சி பெற்ற ஒருவர் கூட நிற்காமல் ஒரு பிள்ளையைக்கூட உள்ளே விடாதீர்கள்.

சரி, லாயத்தில் என்னதான் நடக்க வேண்டும்? கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்று குதிரையைக் குறை சொல்வார்கள். நாம் கொள்ளிலிருந்தே தொடங்குவோம், கடிவாளம் இந்த வேலைக்கு வேண்டியதே இல்லை. முதல் வாரம் பிள்ளைகள் தொடக்கூட வேண்டாம். வேலிக்கு வெளியே உட்கார்ந்து அரை மணி நேரம் பார்க்கட்டும். எந்தக் குதிரை எதை விரட்டுகிறது, எது தனியாக நிற்கிறது, வால் எப்போது வேகமாக அடிக்கிறது என்று பார்த்ததைச் சொல்லட்டும். தன்னைப் பற்றி ஒரு வரி பேசாத பிள்ளை, "அந்தச் சிவப்புக் குதிரைய யாரும் சேத்துக்க மாட்டேங்குது" என்று சொல்லும். அந்த இடத்தில் ஆலோசகர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நீங்கள் குறுக்கே பேசக் கூடாது, "அது அப்படித்தாம்மா" என்று முடித்துவைக்கவும் கூடாது.

அடுத்த வாரம் கொள்ளு ஊறவைப்பது, தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது, தவிடு கலப்பது. ஒரு குதிரை நாளைக்கு 25 லிட்டருக்குமேல் குடிக்கும், நம் வெயிலில் அதற்கும் கூட. வாளி வாளியாகத் தூக்கி ஊற்றும்போது பிள்ளைக்குக் கை வலிக்கும். வலிக்கட்டும். தன்னால் ஓர் உயிருக்குத் தாகம் தீர்ந்தது என்று தெரிவது, ஒன்றுக்கும் உதவாதவன் என்று வீட்டில் பேர் வாங்கிய பையனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து தொடலாம். நேர் முன்னாலும் நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது என்பதைச் சொல்லி, பக்கவாட்டில் தோள் பக்கமாகப் போகப் பழக்குங்கள். பிரஷ் போடுவது, பிடரி சிக்கெடுப்பது, நீங்கள் காலைத் தூக்கிப் பிடிக்கக் குளம்பில் மண் எடுப்பது. பிறகு தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, தரையில் கிடத்திய மூங்கில்களைக் கடந்து நடத்திக்கொண்டு போவது. இழுத்தால் வராது. முன்னால் பார்த்து, போகும் இடத்தை மனதில் வைத்து நடந்தால் வரும். இதை ஆயிரம் தடவை செய்த உங்களுக்கு இது சாதாரணம். பத்தாம் வகுப்பில் தோற்ற ஒரு பிள்ளை பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடக்க, ஒரு குதிரை அதை நம்பிப் பின்னால் வருவதை நீங்கள் ஒரு முறை பார்த்தால் நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று புரியும்.

வேலை முடிந்ததும் மரத்தடியில் கால் மணி நேரம் உட்கார்ந்து பேச்சு. அதை நடத்துவது ஆலோசகரின் பொறுப்பு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு வாரம். ஆறு ஏழு பிள்ளைகளுக்குமேல் ஒரு குழுவில் வேண்டாம். பள்ளி இல்லாத நாளில், காலை ஆறு மணியிலிருந்து எட்டுக்குள் முடித்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, குதிரைக்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது.

இனி குதிரையைப் பற்றி. இதில் நான் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது.

பாண்டிய நாட்டுக்கும் குதிரைக்கும் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருவாதவூரார் கோவிலுக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்ததும், ராத்திரியில் மறுபடி நரியாகி லாயத்திலிருந்த பழைய குதிரைகளைக் கடித்ததும் நமக்குத் தெரிந்த திருவிளையாடல். ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடத்திக் காட்டுகிறோம். அது புராணம். வரலாறு அதைவிட வேதனையானது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர்கள் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதாகவும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் மிகச் சிலவே உயிரோடு மிஞ்சுவதாகவும் எழுதிவைத்திருக்கிறார். பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை, லாடம் அடிப்பவரில்லை. சோற்றோடு வேகவைத்த இறைச்சியைப் போடுகிறார்கள் என்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வாசாஃபும், மாபார் என்று அவர்கள் அழைத்த இந்தப் பாண்டியக் கரையில் குதிரைக்கு வறுத்த தானியத்தையும் வெண்ணெயையும் காய்ச்சிய பாலையும் தருவதாகக் குறைப்பட்டுக்கொள்கிறார். புல் தின்ன வேண்டிய உயிருக்கு நம் அன்பைத் தீனியாகப் போட்டிருக்கிறோம். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் குடல் முறுக்கிச் செத்துப்போகவும் கூடும். கப்பல் கப்பலாகப் பணம் போனது, குதிரை வந்தது, பார்த்துக்கொள்ளும் கை மட்டும் வரவில்லை.

அந்தக் கை இன்று உங்களிடம் இருக்கிறது. எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆட்டக் குதிரையை மேளத்துக்குப் பழக்கும்போது நடக்கும் அடியை நான் பார்த்திருக்கிறேன். வாய்க்கோணம் கிழிந்த குதிரை, மத்தியானத் தார்ச் சாலையில் சாரட்டு இழுக்கும் குதிரை, பந்தயத்துக்கு உதவாமல் போனதும் அவிழ்த்துவிடப்பட்டு ரோட்டில் நிற்கும் குதிரை, இவையெல்லாம் நம் ஊரில்தான் இருக்கின்றன. அடிபட்ட பிள்ளையை அடிபட்ட குதிரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த என்னால் முடியாது. இந்தப் பிள்ளைகளில் சிலர் வீட்டில் சாட்டையைப் பார்த்தவர்கள். லாயத்தில் அதைப் பார்த்தால் அவர்கள் கற்றுக்கொள்வது நாம் நினைத்ததற்கு நேர் எதிரானதாக இருக்கும். பிள்ளைகள் வரும் லாயத்தில் சாட்டை தொங்கக் கூடாது. அன்றைக்கு மட்டும் எடுத்து ஒளித்து வைப்பதும் போதாது.

இந்த வேலைக்கு ஓடுகிற குதிரை தேவையில்லை, சுழி பார்த்து லட்சம் கொடுத்து வாங்கிய கத்தியவாடியும் மார்வாரியும் தேவையில்லை. பதினைந்து, பதினெட்டு வயதான, எதற்கும் மிரளாத ஒரு பெண்குதிரை போதும். மட்டக்குதிரை இன்னும் நல்லது. நல்ல கவனிப்பில் குதிரை 25 வருடத்துக்கு மேலும் இருக்கும். பந்தய வயது முடிந்தபின் பாதி ஆயுள் மிச்சம். அந்த மிச்ச ஆயுளுக்கு ஒரு கௌரவமான வேலையும் அதன் தீனிக்கு ஒரு வருமானமும் இதில் உண்டு என்றால் நீங்கள் யோசிக்க மாட்டீர்களா? ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்குமேல் பிள்ளைகளோடு நிறுத்த வேண்டாம். காதை மடக்கினால், கண் வெள்ளை தெரிந்தால், விடாமல் வால் அடித்தால் அதற்குப் போதும் என்று பொருள், அன்றைக்கு முடித்துவிடுங்கள். "குதிரைக்கு இன்னிக்கு மனசில்ல, அடுத்த வாரம் வருவோம்" என்று நீங்கள் ஒரு பிள்ளையிடம் சொன்னால், தனக்கும் அப்படிச் சொல்ல உரிமை உண்டு என்று அது தெரிந்துகொள்ளும்.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவ வேண்டும். டெட்டனஸ் ஊசி குதிரைக்கும் வேண்டும், வரும் பிள்ளைகளுக்கும் வேண்டும். குதிரையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளாண்டர்ஸ் என்ற கொடிய நோய் ஒன்று இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம்தான் இதற்குத் தலைமை இடம். அதற்கு அனுப்ப வேண்டிய வழியை உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் எந்தப் பெற்றோரிடமும் பிள்ளையைக் கேட்காதீர்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் லாயம் ஆண்கள் கூடும் இடம். பந்தயத்துக்கு முந்தின ராத்திரி அங்கே என்ன நடக்கும், என்ன பேச்சு ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். உதவி அதிகம் தேவைப்படுபவர்களில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களை விட்டுவிட்டு இதைச் செய்வதாக இருந்தால் செய்யவே வேண்டாம். பெண் ஒருவர், உங்கள் வீட்டு அக்காவோ ஆசிரியையோ, அமர்வு முழுக்க அங்கே இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது. கழிப்பறை வேண்டும், தண்ணீர் வேண்டும். பிள்ளைகளைப் படம் பிடித்து ரீல்ஸ் போடக் கூடாது. போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசிவிடுகிறேன். நம் பக்கம் பந்தய வண்டியில் எந்தக் கொடி பறக்கிறது, குதிரைக் கழுத்தில் எந்த நிறக் கயிறு, சாரதி எந்தத் தலைவர் படம் போட்ட பனியன் என்பதெல்லாம் வெறும் அலங்காரம் இல்லை, சாதி அடையாளம். அதே நிறக் கயிறு பள்ளிப் பிள்ளைகள் கையிலும் ஏறியது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள், வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தபோது, பள்ளிகளில் சாதிக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. சாதியால் வரும் அவமானம் பிள்ளைகள் மனதை எப்படி அரிக்கிறது என்பதை நான் அன்றாடம் கேட்கிறேன். சொல்லும்போது அழுவதில்லை அவர்கள். அடிக்கடி நடப்பதால் வறண்டுபோய்ச் சொல்கிறார்கள். அதனால் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். பிள்ளைகள் வரும் நாளில் லாயத்தில் எந்தக் கொடியும் வேண்டாம், எந்த நிறக் கயிறும் வேண்டாம், எந்தப் பிள்ளையிடமும் "எந்தத் தெரு?" என்ற கேள்வி வேண்டாம். குடிக்கிற தண்ணீருக்கு ஒரே பானை, ஒரே டம்ளர். ஒரு குதிரையின் இந்தப் பக்கம் ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் இன்னொரு பிள்ளையும் நின்று பிரஷ் போடட்டும், இருவரும் எந்தெந்தத் தெருவிலிருந்து வந்தவர்களாக இருந்தாலும். இதற்கு உங்கள் ஊரில் எதிர்ப்பு வரலாம். வந்தால் உங்கள் பக்கம் நிற்க ஆசிரியர்கள் இருக்கிறோம்.

இந்த மண்ணில் குதிரை என்பது சாமிக்கு உரியது. அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். கோச்சடை அய்யனாருக்கும் வட்டாரத்து முனியாண்டிகளுக்கும் குதிரை நிற்கிறது. புரவி எடுப்பில் மண்குதிரையைத் தலையில் சுமந்து ஊரே நடக்கிறது. வேண்டுதல் எதற்காக? பெரும்பாலும் பிள்ளைக்காகத்தான். பிள்ளை பிழைக்க வேண்டும், பிள்ளை படிக்க வேண்டும், பிள்ளைக்குப் பிடித்த பேய் போக வேண்டும். அந்த நேர்ச்சையை நான் மதிக்கிறேன். அதே அக்கறையோடு உயிருள்ள குதிரையையும் உயிருள்ள பிள்ளையையும் ஓர் இடத்தில் சேர்த்துவைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

செலவு யார் கொடுப்பது என்று கேட்பீர்கள், கேட்க வேண்டும். இலவசமாகச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. கொள்ளு விலையும் தவிட்டு விலையும் பச்சைப்புல் கட்டு விலையும் உங்களுக்குத் தெரியும், உங்கள் காலை நேரமும் விலையுள்ளது. ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்கள், பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள், நம் ஊர்த் தொழில் நிறுவனங்கள் ஆகியோரிடம் கேட்பது எங்கள் பக்கத்து வேலை. பிள்ளையின் வீட்டில் வாங்கக் கூடாது, அது மட்டும் நிபந்தனை. அமர்வுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வோம். ஹெல்மெட், மூடிய காலணி, முதலுதவிப் பெட்டி, விபத்துக் காப்பீடு ஆகியவையும் அந்தக் கணக்கில் வர வேண்டும். காக்காய்வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள், அண்மையில் தற்கொலைக்கு முயன்றவர்கள், குதிரையைக் கண்டாலே நடுங்குபவர்கள் வரலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். வர மறுக்கும் பிள்ளையை யாரும் இழுத்துக்கொண்டு வரக் கூடாது, பெற்றோரே ஆனாலும்.

ஒரே லாயத்தில் தொடங்குவோம். பத்து லாயத்தில் அரைகுறையாகத் தொடங்கி ஒரு பிள்ளை உதைபட்டு, எல்லாம் மூடிப்போவதைவிட அது மேல். உங்களில் யாருக்கு மனம் இருக்கிறதோ அவர் முதலில் வயதான அந்த ஒரு குதிரையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்குங்கள். பிறகு உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் போய், "எங்க லாயம் தயாரா இருக்கு, ஆலோசகரைக் கூட்டிட்டு வந்து பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் ஆலோசகரையும் மருத்துவரையும் அழைத்துவருவார். வந்து குறை சொன்னால் கோபப்படாமல் கேட்டுச் சரிசெய்யுங்கள். பள்ளி ஜூனில் திறக்கிறது. முதல் இரண்டு மாதம் பிள்ளைகளைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு வேண்டும். ஆடி முடிந்து வெயில் தணிகிற ஆவணியில் முதல் குழுவை அழைத்துவர நாங்கள் தயார்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு பள்ளி மனநல ஆலோசகர்